என் நாத்தனாரின் இரும்பு அலமாரி

என் நாத்தனார் அடுத்த மாதம் பணி ஓய்வு பெறுகிறாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். குடும்பத்தின் சார்பில் யாராவது ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கேட்க வந்தவன் நேராக என் கடைக்குத்தான் வந்தான், ஏனென்றால் மலரை அச்சடித்து ஸ்பைரல் போடப்போவதும் என் ஜெராக்ஸ் கடைதான். அன்பு, அடக்கம், பொறுப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடக்கம் என்ற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. அந்தப் பக்கத்தில் எழுத முடியாத மீதியை இங்கே எழுதுகிறேன்.

அவள் என் கணவருக்கு மூத்தவள். மாமனார் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். இவள் பல்கலைக்கழகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து தம்பியைப் படிக்கவைத்தாள். உண்மைதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த உண்மையை எங்கள் கல்யாண மேடையிலேயே, மாலையும் கழுத்துமாக நாங்கள் நிற்கும்போது, போட்டோ எடுப்பவனிடம் சொன்னாள். "இவனை நான்தான் ஆளாக்கினேன், என்னையும் சேர்த்து எடுங்க." பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே எங்களுக்குக் கடை போட இடம் கிடைத்ததும் அவள் சொல்லித்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு புது விளக்கு மாட்டினால்கூட அது அவள் போட்ட வெளிச்சம் என்று ஆகிவிடும். கல்யாணம் அவளுக்குக் கூடி வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் அவளே தட்டிக் கழித்தாள். அந்த மாப்பிள்ளைகள் நல்ல நேரத்தில் பிறந்தவர்கள்.

அவள் வேலை பார்த்தது அயல்நாட்டுப் பிரிவில். அவள் சேர்ந்தபோது அது நடைவழியின் கடைசியில் கிடந்த ஒரு மேசை, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, நம் பிள்ளைகளை அங்கே ஒரு பருவம் படிக்க அனுப்புவது, அவர்கள் பிள்ளைகளை இங்கே வரவழைப்பது, ஆசிரியர்களையும் அதேபோல் மாற்றிக்கொள்வது, இதுதான் பிரிவின் வேலை. இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். இவள் மட்டும் அசையாமல் இருந்தாள். முத்திரை குத்தாமல் எந்தக் காகிதத்தையும் வெளியே விடமாட்டாள். குத்திய பிறகு அதை வாயால் ஊதிக் காயவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அப்புறம்தான் கையை நீட்டுவாள். மாணவர்கள் அவளுக்கு சீல் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவளுக்கு அந்தப் பெயர் ரொம்ப மரியாதை.

அப்புறம் அந்த அலமாரி. ஆரம்ப காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பையன் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டான். போலீஸ் ஸ்டேஷன், தூதரகம் என்று இவள்தான் அவனோடு அலைந்தாள். அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதல் நாளே பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். தங்கும் அனுமதி அட்டை வாங்க முதலில் பாஸ்போர்ட் வேண்டும், அது வாஸ்தவம். அட்டை வந்த பிறகும் கொடுக்கமாட்டாள். "பத்திரமா இருக்கட்டும்" என்பாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கும்.

மாணவர்களோடு நின்றதா? பாடம் எடுக்க வந்த பேராசிரியர்களும் அகப்பட்டார்கள். தலை நரைத்த ஒரு மனிதர், பெரிய படிப்பாளியாம், சனி ஞாயிறு பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டார். விடுதியில் அறை எடுக்கப் பாஸ்போர்ட் கேட்பார்களே என்று இவள் முன்னால் போய் நின்றார். எங்கே போகிறீர்கள், யாரோடு, எப்போது திரும்புவீர்கள் என்று இவள் கேட்க, அவர் கையைப் பிசைந்துகொண்டு பதில் சொன்னாராம். இயக்குநரிடம் போய் முறையிட்டதற்கு அவர், "அந்தம்மாகிட்ட நீங்களே பேசிக்கோங்க" என்று கையை விரித்துவிட்டார். இதை என் நாத்தனாரே எங்கள் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள்.

ஒரு முறை அலுவலர் பரிமாற்றம் என்று அவளையும் ஒரு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஊரைப் பார்த்தாயா, மனிதர்களைப் பார்த்தாயா என்றால் இல்லை. அவர்கள் அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "அங்க ஒரு பூட்டு கிடையாது, ஒரு பொறுப்பு கிடையாது, பாஸ்போர்ட்டெல்லாம் பிள்ளைங்க பையிலயே கிடக்குது" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இருப்பது ஒருத்திதான். மண்ணியல் படித்தாள். மண்ணில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு கைப்பிடி மண்ணை மேசையில் கொட்டி அரை நாள் பேசுவாள். அந்தத் துறைக்குப் பெயர்போன ஆய்வுக்கூடம் ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதோடு எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தமும் இருக்கிறது. ஒரே ஒரு இடம். அதற்குப் போட்டி போட்டு, நேர்காணலில் வாய் குழறாமல் பதில் சொல்லி, என் மகள் தேர்வாகிவிட்டாள். சேதி கேட்ட அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. மெஷினில் தாளைத் தலைகீழாக வைத்து ஒரு கட்டு பாழாக்கினேன்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி இருந்தது. ஒருவர் வந்தால் ஒருவர் போகலாம். அங்கிருந்து வருகிறவர் இங்கே பருவ நடுவில் வரும் பரீட்சையை எழுதினால்தான் வந்ததாகக் கணக்கு. எழுதாமல் திரும்பிப் போனால் நம் ஆளுக்கும் இடம் இல்லை. அந்த வருஷம் அங்கிருந்து வந்தவள் ஒரே ஒரு பெண். அறைக்குள்ளும் மஃப்ளரைக் கழற்றாமல் இருந்ததால் பிள்ளைகள் அவளை மஃப்ளர் என்றே கூப்பிட்டார்கள். என் மகளின் எதிர்காலம் அந்த மஃப்ளர் பரீட்சை எழுதுவதில் வந்து நின்றது.

மஃப்ளருக்கு இங்கே ஒட்டவில்லை. யாரும் அவளை ஒன்றும் செய்யவில்லை, நோய் நொடி கிடையாது, வீட்டில் கெட்ட சேதி கிடையாது. சும்மா ஒட்டவில்லை. வகுப்பில் எல்லோரும் வேகமாகப் பேசினார்கள், இவள் நம் மொழியைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவள். விடுதி அறையில் தனியாக இருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. குறிப்புகளை நகல் எடுக்க என் கடைக்கு வருவாள், கண் இரண்டும் வீங்கியிருக்கும். என் மகள்தான் அவளோடு சுற்றினாள், கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பாள்.

"நான் என் வீட்டுக்குத் திரும்பிச் செல்ல விரும்புகிறேன்" என்று ஒரு நாள் என்னிடமே சொன்னாள் மஃப்ளர். செய்தி வாசிப்பதுபோல்தான் சொன்னாள்.

"எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்று சொல்லி ஒரு ரொட்டியைக் கையில் திணித்தேன். அன்றிலிருந்து அவளை நான் தாங்கினேன். சூப் கொடுத்தனுப்பினேன், என் கம்பளிச் சட்டையைக் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். பாசமா என்று கேட்டால், கொஞ்சம் பாசம்தான். மீதி என் மகளுக்காக. எந்தத் தாய் செய்யமாட்டாள்?

மஃப்ளர் என் நாத்தனாரிடமும் போய்க் கேட்டிருக்கிறாள், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று. இவள், தங்கும் அனுமதி இன்னும் வரவில்லை, அது வராமல் ஊரை விட்டுப் போனால் விமான நிலையத்தில் பிடித்துவைத்துவிடுவார்கள் என்று ஒரு போடு போட்டாள். புத்தகத்தில் மொழி படித்தவள், நம்பிவிட்டாள்.

அனுமதி வந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பிரிவின் நகல்கள் எல்லாம் என் கடையில்தான் எடுப்பார்கள். பியூன் கொண்டுவந்து நீட்டிய அட்டையில் மஃப்ளரின் முகம் இருந்தது, அந்த மஃப்ளரோடு. சாயங்காலம் நாத்தனார் கடைப்பக்கம் வந்தபோது கேட்டேன்.

"அண்ணி, அந்தப் பொண்ணோட அட்டை வந்துடுச்சு போல."

"வந்துச்சு."

"அவகிட்ட சொல்லலையா?"

"சொன்னா அன்னிக்கே டிக்கெட் போட்டுடுவா. பரீட்சை எழுதட்டும், அப்புறம் குடுக்கறேன். உன் பொண்ணு போகணுமா வேணாமா?"

போக வேண்டும். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அவளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம் என்றால் அது இது ஒன்றுதான்.

அடுத்த நாள் மஃப்ளர் கடைக்கு வந்தாள். என் மகள் உள்ளே ஸ்பைரல் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். "அம்மா, என் அனுமதி அட்டை எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "வரும்மா வரும், இதெல்லாம் லேட்டாத்தான் ஆகும்" என்றேன். வேறென்ன சொல்வது? பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதுவரை இங்கே இருந்தால் அவள் என்ன தேய்ந்தா போய்விடுவாள் என்று நினைத்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது என் நாத்தனாரின் வாய்.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான், என் கணவர், மகள், நாத்தனார், மஃப்ளர். மஃப்ளர் முட்டையைக் கரண்டியால் நகர்த்திக்கொண்டிருந்தாளே தவிர சாப்பிடவில்லை. அதைப் பார்த்துவிட்டு என் மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பாவம்மா அவ. அவளை யாரும் பிடிச்சுவைக்கக் கூடாது. அட்டை வந்தவுடனே அவ கிளம்பட்டும். நான் அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்."

பேசாமல் இருந்திருக்கலாம் என் நாத்தனார். அவள் செய்த உதவி பெரிது என்று ஊருக்கே தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராதே. கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"அடுத்த வருஷமா? அடுத்த வருஷம் அந்த இடம் உனக்குன்னு எழுதி வச்சிருக்கா? அவ அட்டை வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? அவ பாஸ்போர்ட்டையும் அட்டையையும் சேர்த்து என் அலமாரியில பூட்டி வச்சிருக்கேன், உனக்காக. உங்கம்மா கடையிலதான் நகலே எடுத்துச்சு. நாங்க ரெண்டு பேரும் உனக்காக இங்க உயிரை விடறோம், நீ அடுத்த வருஷம்கறே."

அவள் வேகமாகத்தான் பேசினாள், மஃப்ளருக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியம். முக்கால்வாசி புரிந்திருக்காது. ஆனால் பாஸ்போர்ட் என்ற வார்த்தை எல்லா மொழியிலும் பாஸ்போர்ட்தானே. கரண்டி நின்றது.

"என் அட்டை வந்துவிட்டதா? கடவுச்சீட்டோடு அதுவும் உங்கள் அலமாரியில் இருக்கிறதா?" என்று கேட்டாள் மஃப்ளர்.

என் கணவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். நான் சமாளிக்க வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாக, மஃப்ளருக்குப் புரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அட்டை வந்துவிட்டது. அத்தை மறைத்தார்கள். எனக்காக. சொல்லும்போது அவள் மஃப்ளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

மஃப்ளர் அழவில்லை. அதுதான் ஆச்சரியம், எதற்கெடுத்தாலும் அழுகிறவள். என் நாத்தனாரைப் பார்த்து, "இது உண்மையா?" என்றாள்.

"உண்மைதான்" என்றாள் என் நாத்தனார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாளை ஓட்டியிருக்கலாம். இவளுக்குப் பொய் தேவைப்பட்டபோதெல்லாம் வந்தது, என் மகளுக்குத் தேவைப்பட்ட அன்றைக்கு வரவில்லை.

"நீங்கள் இதை எல்லோருக்கும் செய்கிறீர்களா?"

"எல்லாருக்கும்தான்" என்றாள். சொன்னவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்புறம் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

நான் வாசல்வரை ஓடினேன். "அண்ணி, பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே, நான் அவகிட்ட பேசிச் சமாளிக்கறேன்."

"நீ உள்ள போ" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காவலாளியை எழுப்பி அலுவலகத்தைத் திறக்கவைத்து, பாஸ்போர்ட்டையும் அட்டையையும் கொண்டுவந்து மஃப்ளரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "தப்பு என்னோடது" என்றாள். மஃப்ளர் பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படம்தானா என்று பார்த்தாள். பிறகு என் கம்பளியைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கம்பளியில் என்ன தப்பு இருந்தது?

பரீட்சை எழுதாமல் மஃப்ளர் போய்விட்டாள். வழியனுப்ப என் மகள் மட்டும் போனாள். இடமும் போயிற்று. அந்த ஆய்வுக்கூடத்தின் படத்தை மகள் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள், அதைக் கிழிக்கக்கூட இல்லை, அதன்மேல் வகுப்பு நேர அட்டவணையை ஒட்டிவிட்டாள். நாத்தனார் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா இப்படி வாய்ப்பைத் தூக்கிக் குடுத்திருப்பீங்களா?"

அப்படிக் கேட்கக் கூடாதுதான். கோபத்தில் யாருக்கு நாக்கு நிற்கிறது? அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"எனக்கு இல்ல. உனக்கு இருக்கு. போய் அவ மூஞ்சியப் பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மஃப்ளர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த கையோடு அவர்கள் பல்கலைக்கழகம் புகார் அனுப்பியது. ஒப்பந்தத்தையே நிறுத்திவிட்டார்கள். இங்கே விசாரணை வைத்தார்கள். பெரிய அறை, நீள மேசை, அதுவரை அந்த அலமாரியைப் பற்றி வாயே திறக்காத இயக்குநர் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் கண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நகல் எடுத்த கடைக்காரி என்று என்னையும் கூப்பிட்டார்கள். மஃப்ளரின் தோழி என்று என் மகளையும் கூப்பிட்டு ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

"அட்டை வந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்கள்.

கடை இருப்பது பல்கலைக்கழகத்து இடத்தில். அவர்கள் நினைத்தால் மறுநாளே காலி செய்யச் சொல்லலாம். மெஷின், கடன், என் கணவர், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. "எனக்குத் தெரியாதுங்க. நாள் முழுக்கப் பேப்பர் வருது, போகுது. யார் முகத்தையும் நான் பார்க்கறதில்ல" என்றேன்.

என் நாத்தனாரிடம் திரும்பி, "இவங்களுக்குத் தெரியுமா?" என்றார்கள்.

"அலமாரி என்னோடது, சாவி என்னோடது. அவளை எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் அவள், மேசையைப் பார்த்தபடி.

என் மகளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் நாத்தனார் என் பக்கத்தில் வந்து, "உனக்காகச் சொல்லல. கடை போனா என் தம்பி நடுத்தெருவுல நிப்பான்" என்றாள். இந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்ல வேறு வேண்டுமாக்கும். அவளைச் சான்றிதழ்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சன்னல் இல்லாத அறை. அங்கேதான் இத்தனை நாளும் இருந்து இப்போது ஓய்வு பெறுகிறாள்.

என் மகள் படிப்பை முடித்து, வேறு ஊரில் மண் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் என் கடை முதலில், அத்தை வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் கடையைத் தாண்டிப் போகிறாள். அங்கே சாப்பிட்டு, அத்தையோடு உட்கார்ந்து பேசி, அவள் மாத்திரைகளை வாங்கி வைத்துவிட்டு, திரும்பும் வழியில் இங்கே எட்டிப் பார்க்கிறாள். "கடை எப்படிப் போகுது?" என்று கேட்கிறாள், பக்கத்துக் கடைக்காரரைக் கேட்பதுபோல்.

கடைசியில் என் பிள்ளையையும் அவளே எடுத்துக்கொண்டாள். போன மாதம் எனக்குத் தாங்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவளை வழிமறித்துக் கேட்டுவிட்டேன்.

"உன் வாழ்க்கையைக் கெடுத்தவ அவ. அலமாரியில பூட்டினவ அவ. அவ வீட்டுல போய் உக்கார்றே, பெத்தவகிட்ட நின்னுக்கிட்டே பேசறே. நான் என்னடி பண்ணினேன்?"

அவள் கோபப்படவில்லை. கவுண்டரில் கிடந்த தாள்களை ஒழுங்காக அடுக்கிவைத்தாள்.

"அத்தை ஒத்துக்கிட்டாங்கம்மா" என்றாள்.

பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் எதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.